பிள்ளை சாரின் பேப்பரும் நான் ஏற்றிய பிரஷரும்

மருந்து கொடுக்காமல், ஊசி போடாமல், கெட்டதாக ஒரு வார்த்தை பேசாமல், சிவனே என்று இருந்த ஒரு மனிதரின் ரத்த அழுத்தத்தை நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு ஏற்றிக் காட்டியவள் நான். அதையும் என் மேடத்தின் கண் முன்னால், மதிப்பெண் போடுகிற நாளில் செய்தேன். இன்றைக்கு நான் திருவனந்தபுரத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். வீட்டுக்குப் போய் நோயாளியைப் பரிசோதிப்பது எப்படி என்று புதிதாக வரும் மாணவிகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். (சிரிக்காதீர்கள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.)

என் பெயர் செண்பகம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்தவர். நான் நர்சிங் கடைசி வருஷத்துக்கு வந்ததுமே, கடைக்குக் குக்கர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் "பிள்ளை நர்ஸ் ஆயாச்சு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஆகவில்லை, அதற்கு இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. கம்யூனிட்டி போஸ்டிங் என்று பெயர்.

ஆஸ்பத்திரியில் நோயாளி நம்மைத் தேடி வருவார். இதில் நாம் அவரைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு குடும்பத்தை ஒதுக்குவார்கள். ஆறு வாரம் அந்த வீட்டுக்குப் போய்வந்து, அங்கே யார் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்கு என்ன வியாதி, கிணறு எங்கே, கழிப்பறை எங்கே என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு ஃபோல்டர் தயாரிக்க வேண்டும். கடைசி விசிட்டில் மேடம் நேரில் வந்து பார்த்து மார்க் போடுவார். அதில் தோற்றால் ஆறு வாரமும் மறுபடி முதலிலிருந்து, அதுவும் ஜூனியர் பிள்ளைகளோடு. நம் பேட்ச் பட்டம் வாங்கிக்கொண்டு போகும்போது நாம் கை தட்டிக்கொண்டு நிற்கலாம்.

எங்கள் லில்லிக்குட்டி மேடம் பட்டியலைப் பார்த்து, "செண்பகம், நீ தமிழ் அல்லே, நினக்கு இது எளுப்பமாயிரிக்கும்" என்று சொல்லிக் கொடுத்த வீடு, கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. வீட்டுக்காரர் சிதம்பரம் பிள்ளை, நாஞ்சில் நாட்டுக்காரர், அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பகவதியம்மாள். ஒரே மகன் பெங்களூரில். அவ்வளவுதான் குடும்பம். இதைவிடச் சுலபமான வீடு யாருக்கும் கிடைக்காது என்று பேட்சே என்னைப் பார்த்து வயிறெரிந்தது.

முதல் ஐந்து விசிட்டில் பிள்ளை சாரை நான் அரைத்து எடுத்துவிட்டேன். காலையில் எத்தனை இட்லி, எத்தனை மணிக்கு நடை, மூட்டு வலி இடது காலிலா வலது காலிலா, மலச்சிக்கல் வாரத்துக்கு எத்தனை நாள், எல்லாம் ஃபோல்டரில் ஏறிவிட்டது. அவரும் ஆபீசில் நோட்ஸ் சொல்வதுபோல் நிறுத்தி நிதானமாகச் சொல்வார், நான் எழுதுவேன். நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. அதில் பகவதியம்மாளுக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு வரி. 'மனைவி, வயது ஐம்பத்தாறு, ஆரோக்கியமானவர்.' நான் கேட்டேன், அவர் சொன்னார், எழுதிக்கொண்டேன். அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குப் போகிற வழியில், "எனக்கென்ன மக்ளே, ஒண்ணும் இல்ல" என்று சொன்னார். சொன்னபோது நெற்றியைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு விசிட்டிலும் அதே துணி கட்டியிருந்தது. இந்த அம்மாவுக்கு எண்ணெய்க் குளியலில் ரொம்பப் பிரியம்போல என்றும் நினைத்தேன். (என்னை அடிக்க வேண்டுமென்று தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இருக்கிறது.)

இப்போது பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும் நர்சுக்கு ஒரு பை உண்டு. அதைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது. முதலில் செய்தித்தாளை விரிக்க வேண்டும், அதன்மேல்தான் பை உட்கார வேண்டும். பையின் வெளி அறையிலிருந்து சோப்பும் துண்டும் எடுத்துக் கை கழுவ வேண்டும். பிறகுதான் பையின் வாயைத் திறக்கலாம். இன்னொரு தாளைக் கிழித்துக் கூம்பாக மடித்து, குப்பை போட ஒரு பொட்டலம் செய்துகொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் விரித்த தாளை, தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்து அழித்துவிட வேண்டும். லில்லிக்குட்டி மேடத்துக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு, பேப்பர் விரித்து வைக்கிறவர்கள், விரிக்காமல் வைக்கிறவர்கள். இரண்டாவது வகையோடு அவர் பேசுவதே இல்லை. அதனால் நாங்கள் சோற்றுப் பாத்திரத்தை மறந்தாலும் பழைய பேப்பரை மறக்க மாட்டோம்.

அந்தக் கடைசி விசிட் நாளன்றும் நான் மறக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, பாதி வழியில் முகம் வெளுத்து வாயைப் பொத்தியது. அதன் அம்மா கையைப் பிசைந்தார். நான் நர்ஸ் அல்லவா? பையிலிருந்த பேப்பர் அத்தனையையும் எடுத்து நீட்டினேன். நல்ல நேரத்தில் நீட்டினேன் என்று கண்டக்டரே பாராட்டினார். அந்தப் பெருமையிலேயே கிழக்கேகோட்டையில் இறங்கி, பழைய பேப்பர் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல், கைவீசி நடந்துபோனேன்.

வீட்டு வராந்தாவில் பையைத் தோளிலிருந்து இறக்கப் போகிறேன், அப்போதுதான் நினைவு வந்தது. மேடம் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. திரும்பிப் பார்த்தால், சாய்வு நாற்காலியின் கைமேல் நான்காக மடித்த பேப்பர் ஒன்று இருந்தது. பூஜை அறையில் மணிச் சத்தம் கேட்டது, பிள்ளை சார் உள்ளே இருந்தார். பகவதியம்மாள் அடுக்களையில் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது. பேப்பர்தானே என்று எடுத்து விரித்தேன்.

அந்த வீட்டில் பேப்பருக்கு ஒரு முறை உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. காலையில் வரும் பேப்பரைப் பிள்ளை சார் குளித்து, சாமி கும்பிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்துதான் பிரிப்பார். அதுவரை வேறு யாரும் தொடக் கூடாது. மகன் படிக்கிற காலத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஒருநாள் பிரித்துவிட்டு, பிறகு திரும்ப அயர்ன் செய்து வைத்தானாம். பகவதியம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிரித்ததே இல்லை. பிள்ளை சார் பிரித்ததும் முதலில் பார்ப்பது சரமப் பக்கம். மலையாளப் பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும், இறந்துபோனவர்களின் படமும் அடக்கம் செய்யும் நேரமும் போட்டு ஒரு முழுப் பக்கம் வரும். அதைப் பார்த்து, தெரிந்தவர் யாராவது இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருடைய நாள் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கும்.

பையை வைக்க நான் விரித்தது நடுப்பக்கங்கள். குப்பைப் பொட்டலம் செய்யக் கிழித்தது சரமப் பக்கம்.

கூம்பு அழகாக வந்தது. அதை மடித்து நிறுத்தும்போது மேடம் உள்ளே வந்தார். விரிப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார். "இன்னத்தெ பேப்பரோ? கொள்ளாம்" என்று பாராட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். மாணவி தன் கைக்காசில் அன்றைய புதுப் பேப்பர் வாங்கி வந்து விரித்திருக்கிறாள் என்று அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நானும் மறுத்துச் சொல்லவில்லை. பகவதியம்மாள் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார். தரையைப் பார்த்தார். செம்பு கையிலேயே நின்றது.

"மக்ளே, இது..." என்றார்.

"ஊத்துங்கம்மா" என்றேன். மூன்று நிமிஷம் கை கழுவ வேண்டும் என்பது விதி. நான் நான்கு நிமிஷம் கழுவினேன்.

பிள்ளை சார் வந்தார். நாற்காலியின் கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார். கூம்பின் வெளிப்பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு முகங்கள் தெரிந்தன. ஒரு முகத்தில் பாதி மடிப்புக்குள் போயிருந்தது. கூம்புக்குள் நான் அப்போதுதான் ஈரப் பஞ்சு ஒன்றைப் போட்டிருந்தேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த இரண்டு பெண்களிடம் கோபப்பட அவருடைய முப்பது வருஷ சர்வீஸ் இடம் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த உடனே நான் அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினேன். இங்கேதான் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளியை ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரவைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் இருக்க வேண்டும். மனசில் ஏதாவது சங்கடம் உண்டா என்று கேட்க வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம், தேர்வில் முழு மார்க் வாங்கியவள். ஆனால் மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டாமா?

நூற்று எண்பது வந்தது. என் காதையே நம்ப முடியவில்லை. போன வாரம் நூற்று இருபத்தாறு இருந்த மனிதர். காற்றை இறக்கிவிட்டு, "சார், ராத்திரி தூங்கினீங்களா?" என்றேன்.

"தூங்கினேன்."

"உப்பு கூட சேத்துக்கிட்டீங்களா?"

"இல்ல." அவர் கண் தரையிலேயே இருந்தது. பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "மக்ளே, உங்க வேலை முடிஞ்ச பெறவு அந்தப் பேப்பரு கிட்டுமா?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். இது என்னைச் சோதிக்கிற கேள்வி என்று எனக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வகுப்பில் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். "கிட்டாது சார். இது தரையில பட்டது, கிருமி இருக்கும். மடிச்சு எரிச்சிரணும்."

"எரிச்சிரணும்" என்றார் பிள்ளை சார். கேள்வியாகச் சொல்லவில்லை.

மறுபடி பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு, கீழே நூற்றுப் பத்து. மேடமும் ஸ்டெத்தை வாங்கிப் பார்த்தார், அதேதான் வந்தது. அவர் முகத்தில் கவலை தெரிந்தது. "செண்பகம், இனி எந்தா செய்யுக?" என்று கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வீரம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அறிவித்தேன். அதோடு நின்றேனா? ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால் உணவு ஆலோசனை கொடுத்தால் கூடுதல் மார்க் வருமென்று அடுக்களைக்குப் போய், அலமாரியிலிருந்த மாங்காய் ஊறுகாய், நார்த்தங்காய் ஊறுகாய், வற்றல் எல்லாவற்றையும் எடுத்து வாசலில் வைத்தேன். "இனிமே இதெல்லாம் சார் கண்ணுல படக் கூடாது" என்றேன்.

"அவ்வோ ஊறுகாயைத் தொடமாட்டாவ மக்ளே" என்றார் பகவதியம்மாள். "அது நான் கஞ்சிக்குத் தொட்டுக்கிடுதது. அவ்வோளுக்குப் பிரஷரும் ஒண்ணும் கிடையாது. அது அந்தப் பேப்பரு..."

"அம்மா, தயவு பண்ணி இப்பப் பேசாதீங்க. சாருக்கு அமைதி வேணும்."

ஒரே மூச்சில் அந்த அம்மா எனக்கு முழு நோயறிதலையும் சொல்லி முடிக்கப் பார்த்தார். இரண்டு பேருக்கான நோயறிதல் அது, அவருடையதும் சேர்த்து. நான் வாயை மூடச் சொன்னேன்.

ஆட்டோ வந்தது. நானும் மேடமும் நடுவில் பிள்ளை சாரும் ஏறினோம். இடமில்லை. "நீங்க போங்க, நான் பூட்டிட்டு நடந்து வாறேன், பக்கந்தானே" என்றார் பகவதியம்மாள். கிளம்பும் நேரத்தில் பிள்ளை சார் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். வீட்டை விட்டுப் பிரிகிற வேதனை என்று நினைத்து அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டர் வரும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நான் சீட்டு எழுதப் போய்விட்டுத் திரும்பி வந்தால் பெஞ்சில் நோயாளி இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் வாசலில் செக்யூரிட்டியின் பக்கத்தில் நிற்கிறார். "ஒண்ணு நோக்கிட்டுத் தராம்" என்று கெஞ்சி, அவர் கையிலிருந்த பேப்பரை வாங்கிக்கொண்டிருந்தார். அதே பேப்பர், அதே நாள். பெஞ்சில் வந்து சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, சரமப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி முகம் முடிந்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.

இருபது நிமிஷம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பட்டையைச் சுற்றினார். இன்னொரு தடவை பார்த்தார். மற்றக் கையிலும் பார்த்தார்.

"நூற்று இருபத்தாறு. ஆரா ரெஃபர் செய்தது?"

நான் கையைத் தூக்கினேன். தூக்கியிருக்க வேண்டாம், எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் ஏதாவது டென்ஷன் உண்டா என்று டாக்டர் பிள்ளை சாரிடம் கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பிள்ளை சார் என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை, ரொம்பத் தயங்கினார். ஆனால் கேட்டது அரசு டாக்டர், பதில் சொல்கிறவர் அரசு ஊழியர். உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டார். கூட வேலை பார்த்த சிநேகிதர் கோபி நாயர் நான்கு நாளாகத் தீவிர சிகிச்சையில் இருக்கிறார், இன்றைக்குப் பேப்பரில் இருப்பாரோ என்று விடியலிலிருந்தே மனசு அடித்துக்கொண்டிருந்தது, வந்து பார்த்தால் அந்தப் பக்கத்தில் பஞ்சு போட்டிருந்தது.

"போன் பண்ணிக் கேக்கலாமே சார்" என்றேன், அழுகிற குரலில்.

"செத்தாச்சான்னு போன் பண்ணிக் கேக்க முடியுமா மக்ளே?" என்றார் அவர். "கோபி இல்ல. இன்னைக்கு நம்மாளு ஒருத்தரும் இல்ல. பெறவு எனக்கென்ன பிரஷரு?"

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்சுகள் சிரித்தார்கள். அடுத்த கட்டிலில் கையொடிந்து கிடந்தவர், கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லில்லிக்குட்டி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஆ வீட்டில் வேற ஆரு உண்டு?"

"வைஃப் மட்டுந்தான் மேடம். அவங்க ஹெல்தி."

"ஆரு பறஞ்ஞு?"

"அவங்களே சொன்னாங்க."

"நீ நோக்கியோ?"

மேடத்தின் பார்வை என்னைத் தாண்டிப் போனது. நானும் திரும்பினேன். ஒரு கையில் ஃபிளாஸ்கும் மறு கையில் குடையுமாகப் பகவதியம்மாள் வந்து, தூணில் சாய்ந்து நின்றிருந்தார். தலையில் அந்தத் துணி. வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்துச் சிவந்திருந்தது. காலியாக இருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் நின்றார், உட்காரவில்லை. அந்த அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து விசிட்டில் ஒரு தடவைகூட இல்லை.

"இவிடெ இருத்து. மரியாதைக்கு நோக்கு" என்றார் மேடம். ஒழுங்காகப் பார் என்று அர்த்தம்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. பெஞ்சில் உட்காரவைத்தேன், முதுகைச் சாய்த்தேன். செருப்பைக் கழற்றி நானே பாதத்தைத் தரையில் சரியாக வைத்தேன். பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்கச் சொன்னேன். அந்த ஐந்து நிமிஷமும் அவருக்குக் கூச்சமாக இருந்தது, ஃபிளாஸ்கை மடியிலிருந்து இறக்க மாட்டேன் என்றார். பிறகு பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு, கீழே நூற்றுப் பதினாறு. மேடம் பார்த்தார். டாக்டர் வந்து பார்த்தார். நடந்து வந்த களைப்பாக இருக்கும் என்று அரை மணி நேரம் படுக்கவைத்தும் பார்த்தார்கள். இறங்கவில்லை.

"தலைவலி உண்டா அம்மா?" என்றேன்.

"உண்டு. அது எல்லாருக்கும் உள்ளதில்லா? துணியைக் கட்டினா கொஞ்சம் ஆசுவாசம் உண்டு."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு இல்ல மக்ளே. அவ்வோளுக்கு நோக்கி முடிஞ்ச பெறவு, நேரம் உண்டும்னா எனக்கும் ஒண்ணு நோக்கச் சொல்லலாம்னு ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன். பாவம், உனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோயில்லாதவரை ஆட்டோவில் உட்காரவைத்து, நோயாளியை வெயிலில் நடக்கவிட்ட நர்ஸ் இந்த ஊரில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அதைவிட, அந்த அம்மா எனக்குப் பரிதாபப்பட்டதுதான் தாங்கவில்லை. பிள்ளை சார் கதவருகில் வந்து நின்றிருந்தார், செக்யூரிட்டியின் பேப்பரை இன்னும் கையில் பிடித்திருந்தார். "ஏட்டி பவதி" என்றார். பேப்பரைப் பெஞ்சின்மேல் போட்டுவிட்டு, மனைவியின் மடியிலிருந்த ஃபிளாஸ்கை வாங்கிக்கொண்டார்.

பகவதியம்மாளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பக்கவாதம் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக மேடம் சொன்னார். நான் மெதுவாக, "அப்ப என் விசிட்டால நல்லது நடந்ததுன்னு வச்சுக்கலாமா மேடம்?" என்று கேட்டுப் பார்த்தேன். (எனக்கு வெட்கம் என்பது கொஞ்சம் குறைவு.) அவர் என் ஃபோல்டரைத் திறந்து அந்த ஒரு வரியை விரலால் காட்டினார். பையை வைத்த விதத்துக்கு முழு மார்க். நோயாளியைப் பரிசோதித்ததற்கு முட்டை. தோற்றுப்போனேன்.

பட்டம் வாங்கும் நாளன்று என் பேட்சுக்குக் கை தட்டிக்கொண்டு நின்றேன். குக்கர் வாங்கியவர்களிடமெல்லாம் சொல்லி வைத்த அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. சொன்னபோது அவர் கடையில் ஒரு மூடியைத் துடைத்துக்கொண்டே, "ஆறு வாரம்தானட்டி. புதுக் குக்கர்ல மொத விசில் ஒழுங்கா வராது. அதுக்காக யாராச்சும் குக்கரைத் தூக்கிப் போடுவாளா?" என்றார்.

மறுபடி ஆறு வாரம். வேறு குடும்பம் வேண்டுமா என்று மேடம் கேட்டார். அதே வீடு வேண்டும் என்றேன். இந்தத் தடவை எழுதிய ஃபோல்டரில் பகவதியம்மாளுக்கு மட்டும் இருபத்தெட்டுப் பக்கம். மாத்திரைக்கு ஒத்துக்கொண்டார், ஊறுகாயைக் குறைக்கவும் ஒத்துக்கொண்டார். காலையில் அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு மட்டும் படியவில்லை. "சும்மா எப்படி மக்ளே இருக்க? கை என்ன செய்யும்?" என்றார்.

அன்று சாயங்காலமே பிள்ளை சார் ஏஜெண்டைக் கூப்பிட்டு இரண்டாவது பேப்பர் போடச் சொன்னார். என்னிடம், "உன் பைக்கு ஒண்ணு வேணும்லா" என்று சொன்னார். ஆனால் அது என் பைக்கு ஒருநாளும் வரவில்லை. அவர் குளித்துவிட்டு வருவதற்கு முன்னாலேயே பகவதியம்மாள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிரித்துவிடுவார். முதலில் சரமப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த வீட்டில் இன்றும் நான் படியேறினால் பிள்ளை சார் தன் பேப்பரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். மகன் பெங்களூரிலிருந்து வந்தால், "செண்பகம் வாறா, பேப்பரை எடுத்து உள்ள வையுங்க" என்று சத்தம் கொடுப்பான். என் கல்யாணத்துக்குப் பரிசாகப் பழைய பேப்பர்க் கட்டு ஒன்றை ரிப்பன் கட்டி மேடையில் வைத்து நீட்டினார்கள். என் மாமியார் வீட்டில் அதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. இப்போது அவர்களும் சேர்ந்துகொண்டு சிரிக்கிறார்கள். (கோபி நாயர் இன்னும் நன்றாக இருக்கிறார். கதையைக் கேட்டு, தன் முகத்தில் பஞ்சு போடப் பார்த்தவள் என்று என்னைத்தான் எல்லோரிடமும் அறிமுகப்படுத்துகிறார்.)

போன மாதம் ஒரு காலை, பகவதியம்மாளுக்குப் பிரஷர் பார்க்கப் போனேன். மழை. ஏஜெண்டின் சைக்கிளில் பாதிப் பேப்பர் நனைந்துபோய், அந்த வீட்டுக்கு ஒன்றுதான் வந்திருந்தது. பகவதியம்மாள் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய, அதை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் பிள்ளை சார் குளித்து, திருநீறு பூசி, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாராவது உண்டா?" என்றார்.

"இருங்க. வாசிச்சு முடிக்கட்டும்" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமலே.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பையைப் பேப்பர் விரித்து வைத்து (என் சொந்தப் பேப்பர், பழையது), கை கழுவி, முதலில் பிள்ளை சாரின் கையில் பட்டையைச் சுற்றினேன். அவர் மனைவியைப் பார்த்தபடியே இருந்தார்.

நூற்று இருபத்தாறு.

"நல்லா எழுதி வை" என்றார் பிள்ளை சார். "இல்லேன்னா உங்க மேடம் நம்பமாட்டாவ."